வாக்கிங் போங்கன்னு சொன்னா போதுமா டாக்டர்?

டிஸ்கி: நான் டாக்டர் இல்லீங்கோ. படிச்சது எஞ்சினியரிங், பொழப்பு பொட்டி தட்டுறது. இதைப் படிச்சுட்டு யாரும் மாத்திரையை நிறுத்திட்டு வந்து என்னைத் திட்டாதீங்க.

போன வருஷம் ஆபீஸ்ல இலவசமா மாஸ்டர் ஹெல்த் செக்கப்னு சொன்னாங்க. ஓசின்னா விடுவோமா? முதல் ஆளா போய் நின்னேன். ரிப்போர்ட்ல கிரேடு 1 ஃபேட்டி லிவர், எஸ்.ஜி.பி.டி. 84ன்னு வந்திருச்சு. எனக்கு வயசு 28. சிகரெட் கிடையாது, தண்ணி கிடையாது. ஊருக்கு போன் போட்டா அம்மா கேட்ட முதல் கேள்வி, "உண்மையைச் சொல்லுடா, நீ குடிக்கிறியா?"

அம்மாவைச் சொல்லிக் குத்தமில்லை. ஈரல்ல கோளாறுன்னாலே குடின்னுதான நம்ம ஊர்ல நினைப்பு. 2023ல் உலக அளவுல டாக்டர்கள் எல்லாம் கூடி இந்த நோய்க்குப் பேரையே மாத்தினாங்க. வளர்சிதை மாற்றக் கோளாறோட சேர்ந்து வர்ற கல்லீரல் நோய்ங்கிற அர்த்தத்துல எம்.ஏ.எஸ்.எல்.டி.ன்னு இப்ப பேரு. அதை அம்மாவுக்குச் சொல்லிப் புரியவைக்க முயற்சி பண்ணி, கடைசியில "சத்தியமா குடிக்கலம்மா"ன்னு சொல்லிட்டு வச்சிட்டேன்.

ஆனா இந்தப் பதிவு என்னைப் பத்தி இல்ல, அப்பாவைப் பத்தி.

அப்பாவுக்கு இது எனக்கு முன்னாடியே வந்தாச்சு. கிரேடு 2, சுகரும் கோட்டுக்குப் பக்கத்துல. டாக்டர் ரெண்டே நிமிஷத்துல முடிச்சிட்டார். "எண்ணெயைக் குறைங்க, தினம் முக்கால் மணி நேரம் வாக்கிங் போங்க." நான் சென்னையிலேருந்து நல்ல ஷூவா வாங்கி அனுப்பினேன். அப்பா போனார், பதினோரு நாள். பன்னிரண்டாவது நாள் முட்டி வீங்கி ஷூ பரணுக்குப் போயிருச்சு. தீபாவளிக்குப் போனப்ப அதைப் பார்த்துட்டு நான் கத்தின கத்து இருக்கே... "முட்டி எல்லாம் சாக்குப்பா, உங்களுக்கு சோம்பேறித்தனம்" வரைக்கும் போயிட்டேன். அவர் ஒண்ணும் பதில் சொல்லல. டிவி சத்தத்தைக் கூட்டி வச்சார்.

அப்புறம் எனக்கே வந்துச்சா, அதே ரெண்டு நிமிஷம், அதே வாக்கிங். ஓ.எம்.ஆர். பக்கம் குடியிருக்கிறவங்களுக்குத் தெரியும், ஆணியெல்லாம் புடுங்கி முடிச்சு ராத்திரி ஒன்பதரைக்கு வந்தா எந்த பிளாட்பாரத்துல நடக்குறது? நான் தாக்குப்பிடிச்சது ஒன்பது நாள். அப்பாவைவிட ரெண்டு நாள் கம்மி. அன்னிக்குத்தான் உறைச்சுது.

உட்கார்ந்து படிக்க ஆரம்பிச்சேன். நாம சாப்பிடுற சோறு, இட்லி, டீயில போடுற ரெண்டு ஸ்பூன் சக்கரை எல்லாம் குளுக்கோஸா மாறி ரத்தத்துல வருது. அதை வாங்கி வச்சுக்கிற பெரிய குடோன் நம்ம தசைகள்தான். நாள் பூரா உட்கார்ந்தே இருந்தா குடோன்ல சரக்கு அப்படியே கிடக்கும், புது லோடு இறக்க இடமில்லை. இன்சுலின் கதவைத் தட்டினாலும் தசை திறக்காது. மிச்சம் கல்லீரல் தலையில விழுது. அது கொழுப்பா மாத்தித் தன்கிட்டயே அடுக்கி வைக்குது. எண்ணெயைக் குறைச்சா மட்டும் போதும்னு நினைச்சு, மூணு தட்டு சோறு சாப்பிடுறவங்களுக்கும் சேர்த்தே சொல்றேன்.

தசை வேலை செய்யும்போது இன்சுலினை எதிர்பார்க்காமலே குளுக்கோஸை இழுத்துக்கும். அதனாலதான் உடற்பயிற்சி பண்றவங்களுக்கு எடை பெருசா குறையலைன்னாலும் கல்லீரல் கொழுப்பு குறையுதுன்னு பல ஆய்வுகள் காட்டியிருக்கு. அதுக்காக எடை முக்கியமில்லைன்னு சொல்ல வரல. கல்லீரல்ல வீக்கம், தழும்புன்னு போயிட்டவங்களுக்கு 7லேருந்து 10 சதவீதம் எடை குறையணும்னுதான் சொல்றாங்க. ஆனா மூணு வாரம் பண்ணிட்டு மெஷின் மேல ஏறிப் பார்த்து, "ஒரு கிலோ கூட குறையல, வேஸ்ட்"னு விடுறோம் பாருங்க, அது தப்பு. முள்ளு நகரலைன்னாலும் உள்ள வேலை நடக்குது.

என் கோபம் இனிமேதான். எந்தத் தசைன்னு கல்லீரல் கேக்காது. நடந்தாலும் சரி, எடை தூக்கினாலும் சரி. 2017ல் வந்த ஒரு தொகுப்பு ஆய்வுல பழைய ஆய்வுகளை எல்லாம் வச்சு நடை மாதிரி பயிற்சியையும் எடை தூக்குற மாதிரி பயிற்சியையும் ஒப்பிட்டிருந்தாங்க. ரெண்டுமே வாரம் மூணு நாள், சுமார் முக்கால் மணி நேரம், 12 வாரம். ரெண்டுலயும் கல்லீரல் கொழுப்பு குறைஞ்சிருக்கு. அதுலயும் தசைப்பயிற்சிக்குச் செலவான சக்தி கம்மி. அதாவது மூச்சு வாங்குறவங்க, நடக்க முடியாதவங்களுக்கு ஏத்த வழி. இவ்வளவு இருக்க, முட்டி வலின்னு சொல்ற அறுபது வயசு ஆளுக்கு வாக்கிங்கை மட்டும் எழுதிக் குடுத்து அனுப்புறது என்ன நியாயம்? நடக்க முடிஞ்சவங்க தாராளமா நடங்க, வாரம் 150 நிமிஷம் வேகநடை நல்ல விஷயம்தான், நான் குறை சொல்லல. ரெண்டையும் சேர்த்துப் பண்ணா இன்னும் நல்லது. முடியாதவங்களுக்கு வேற கதவே இல்லைங்கிற மாதிரி பேசாதீங்கன்னுதான் சொல்றேன். (தொப்பையைக் குறைக்கிறேன்னு தினம் நூறு க்ரஞ்சஸ் பண்ற என் ரூம்மேட்டுக்கு ஒரு வார்த்தை: வயித்துத் தசையை ஆட்டினா வயித்துக் கொழுப்பு மட்டும் தனியா கரையாதுடா.)

பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். முட்டிக்கு எலும்பு டாக்டர்கிட்ட காட்டி, எது பண்ணலாம் எது கூடாதுன்னு கேட்டுக்கிட்டோம். உயரமான மர நாற்காலி ஒண்ணு. கையை ஊணாம உட்கார்ந்து எந்திரிக்கணும், பத்து தடவை, கொஞ்சம் இளைப்பாறிட்டு இன்னொரு பத்து. தோப்புக்கரணத்துல பாதின்னு வச்சுக்கங்களேன். அப்புறம் சுவத்துல கை வச்சு தண்டால், குதிகாலைத் தூக்கி நிக்கிறது, ரெண்டு கையிலயும் அஞ்சு லிட்டர் எண்ணெய் கேன்ல தண்ணி ரொப்பித் தூக்குறது. மூச்சைப் பிடிச்சுக்கிட்டுத் தூக்கக்கூடாது. கல்லீரல் சுருங்கிப் போற அளவுக்கு முத்தினவங்க டாக்டரைக் கேக்காம எடையைத் தொடவே கூடாது, அவங்களுக்கு இது விளையாட்டு இல்ல.

அப்பா கேனைக் கையில வச்சுக்கிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். அவர் 30 வருஷம் மளிகைக் கடை வச்சிருந்தவர். 2020ல் கடையை மூடினதுலேருந்துதான் டிவி முன்னாடி உட்கார்ந்தது. "ஏண்டா, 25 கிலோ அரிசி சிப்பத்தை தினம் இருபது தடவை தூக்கிப் போட்டேன். அப்ப எவனும் இதை எக்சர்சைஸுன்னு சொல்லலையே?"ன்னார். என்கிட்ட பதில் இல்லை. தீபாவளிக்குச் சொன்ன சோம்பேறிங்கிற வார்த்தை தொண்டையில நின்னுச்சு. "அன்னிக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுப்பா"ன்னு மென்னு முழுங்கிச் சொன்னேன். "சரி சரி, எண்ணு"ன்னுட்டு உட்கார்ந்து எந்திரிக்க ஆரம்பிச்சுட்டார்.

2025ல் ஹைதராபாத் ஐ.டி. ஆளுங்க 345 பேரைச் சோதிச்ச ஆய்வுல 84 சதவீதம் பேருக்குக் கல்லீரல்ல கொழுப்பு. அதனால என் பக்கத்துக் கியூபிக்கிள் மக்களுக்கும் இது பொருந்தும். நான் இப்ப வாரம் மூணு நாள் ஆபீஸ் ஜிம்முல எடை தூக்குறேன், மதியம் சாப்பிட்டதும் ஆறு மாடி படி ஏறுறேன், டீயில சக்கரை கட். ஆறு மாசத்துல எஸ்.ஜி.பி.டி. 41. எடை 79லேருந்து 76, அவ்வளவுதான்.

அப்பாவுக்குப் போன மாசம் ஸ்கேன் எடுத்தோம், கிரேடு 1ன்னு வந்திருக்கு. எடை ரெண்டு கிலோதான் குறைஞ்சிருக்கு. முட்டி வலி கொஞ்சம் தேவலையாம், பரண்லேருந்து ஷூவை இறக்கி வச்சிருக்கார்னு அம்மா சொன்னாங்க. இன்னும் போடலையாம். எண்ணெய் கேன் லேசா இருக்கு, வேற எதாவது வாங்கிட்டு வான்னு நேத்து போன்ல சொன்னார்.