புல்லுக்கு என்ன கூலி?

மணிக்கு 450 ரூபாய் என்றதும் எங்கள் தெருவில் பலருக்கு முகம் சுண்டிவிடுகிறது. "புல்லு வெட்டுறதுக்கா?" என்கிறார்கள். புல் என்றால் இளக்காரம். அதை வெட்டுகிறவர் என்றால் இன்னும் கொஞ்சம் இளக்காரம். நான் பட்டாசு ஃபேக்டரியில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன். திருத்தங்கல் பக்கம் வீடு. வேலை பார்த்த காலமெல்லாம் புல்லுக்குச் சம்பளப் பட்டியல் போட்டவன் என்பதால், அந்த முகச்சுளிப்பை என்னால் ரசிக்க முடியவில்லை.

ஃபேக்டரியில் புல் வெட்டுவது அழகுக்காக அல்ல. வெடிபொருள் விதிகள் 2008-இன் கீழ் உரிமம் வாங்கிய இடத்தில், மருந்து கையாளும் ரூம்களைச் சுற்றிக் காய்ந்த புல்லும் புதரும் நிற்கக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் முளைப்பதெல்லாம் தை, மாசியில் சருகாகிவிடும். தீபாவளி முடிந்து, அடுத்த வருஷத்து ஆர்டருக்கு வேலை சூடு பிடிக்கிற நேரமும் அதுதான். அதனால் மழை விட்டதும் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து செதுக்கிக்கொண்டே வருவார்கள். ரூமை ஒட்டிய இடத்தில் கையால்தான் பிடுங்க வேண்டும்; இரும்பு கல்லில் பட்டுப் பொறி பறந்துவிடக் கூடாது. பிடுங்கியதை உள்ளேயே எரிப்பது என்ற பேச்சே கிடையாது, வண்டியில் ஏற்றி வெளியே கொண்டுபோக வேண்டும். நான் பார்த்த எந்த முதலாளியும் அந்தக் கூலியில் பத்து ரூபாய் குறைத்ததில்லை. அவர்களில் சிலர் தங்கள் வீட்டுத் தோட்டக்காரரிடம் ஐம்பது ரூபாய்க்கு அரை மணி நேரம் பேரம் பேசுவதையும் பார்த்திருக்கிறேன்!

வீட்டுக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய கணக்கைச் சொல்கிறேன். எல்லாம் எங்கள் பக்கம் நான் கொடுத்ததும் கேட்டதும்தான். விருதுநகரில், சாத்தூரில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். தோளில் மாட்டி வெட்டுகிற பெட்ரோல் மெஷினோடு வரும் ஆளுக்கு மணிக்கு 400 முதல் 500 வரை. முழங்கால் உயரத்துக்குப் புல் நிற்கும் ஐந்து சென்ட் மனைக்கு இரண்டு மணி நேரம் பிடிக்கும். நெருஞ்சியும் எருக்கும் கலந்து கிடந்தால் மூன்று. வெட்டியது அங்கேயே விழுந்து கிடக்கும், அதை வாரிக் கூட்டுவது தனிக் கூலி. ஏற்றிக்கொண்டு போகக் குட்டியானை வண்டி வாடகை வேறு. எல்லாம் சேர்ந்து 2,500 ரூபாய் ஆகிவிடும். 'வெட்டுறதுக்கு மட்டும்' என்று சொன்ன தொகையைக் கேட்டுவிட்டு, பிறகு சண்டை போடுகிறவர்கள்தான் அதிகம். வாரிப்போடுவது யார், வண்டி யாருடையது, பெட்ரோல் யார் கணக்கு என்ற மூன்றையும் முதலிலேயே பேசிவிட்டால் பாதிச் சண்டை கிடையாது.

450 அதிகமா? எங்கள் வீட்டுக்கு வருகிற தம்பியிடம் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஓட்டுவார் என்று கேட்டேன். "அஞ்சு மணி நேரம் அண்ணாச்சி. அதுக்கு மேல ஓட்டுனா ராத்திரி சோத்தைப் பிசைய முடியாது, கை நடுங்கும்" என்றார். மணிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் பெட்ரோல், அதாவது நூறு ரூபாய்க்கு மேல். கலக்குகிற ஆயில், தேய்கிற நைலான் கயிறு, உடைந்த பாட்டிலில் பட்டு முனை போகும் பிளேடு. ஓரளவு உழைக்கிற மெஷின் பதினைந்தாயிரத்துக்குக் குறையாது. அதுவும் வேலை இருப்பது மழை முடிந்த இரண்டு மூன்று மாதம்தான். நூறு நாள் வேலைக்கு 2025-26இல் தமிழ்நாட்டுக்கு வைத்த நாள்கூலியே 336 ரூபாய். அது மண்வெட்டியோடு வருகிறவருக்கு. சொந்த மெஷினோடு வந்து, கண்ணில் கல் தெறிக்கிற வேலையைச் செய்கிறவர் மணிக்கு 450 கேட்டால், அதில் அவர் கையில் நிற்பது பாதிக்குக் கொஞ்சம் மேல். என்னைக் கேட்டால் அது மலிவு.

இதைவிட மலிவான வழி ஒன்று உண்டு, களைக்கொல்லி. ஒரு டேங்க் அடித்தால் ஒரு வாரத்தில் எல்லாம் மஞ்சளாகிவிடும். கிளைஃபோசேட்டை, பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழில் செய்கிறவர்கள் மூலமாக மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு அறிவித்தது. அதை யார் பார்க்கிறார்கள்? என் ஆட்சேபம் விதியைப் பற்றி மட்டும் அல்ல. மருந்தடித்த புல் செத்து, நின்ற இடத்திலேயே காய்கிறது. பச்சைப் புல்லாவது தீயைக் கொஞ்சம் தடுக்கும். இது தீக்குச்சிக்குக் காத்திருக்கும். எந்தத் தெருவில் எந்த வீட்டில் என்ன சரக்கு இருக்கிறது என்று உறுதியாகச் சொல்ல முடியாத ஊர் எங்களுடையது. இங்கே காய்ந்த மனைக்கு நெருப்பு வைத்துச் சுத்தம் செய்கிறவரைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். செலவில்லாத வேலை என்று அதைச் சொல்கிறார்கள்.

சீமைக் கருவேலம் வந்துவிட்டால் கணக்கே தலைகீழ். மரம் கை தடிமனுக்கு மேல் போய்விட்டால், கரிமூட்டம் போடுகிறவர்கள் தாங்களே வெட்டிக்கொண்டு போவார்கள். பெரிய இடமாக இருந்தால் உங்களுக்கே பணம் தருவார்கள். விறகுக்கும் ஆகாத முள் புதராக இருந்தால் நீங்கள் பணம் தர வேண்டும். எப்படியானாலும் வெட்டினால் போதாது, தூரோடு பெயர்க்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த மழைக்கு ஒன்று நின்ற இடத்தில் ஐந்து நிற்கும். அதற்கு ஜேசிபி. மணிக்கு 1,200, 1,300 ரூபாய். குறைந்தது இரண்டு மணி நேரத்துக்குக் காசு வாங்காமல் வண்டி நகராது. 2017இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சீமைக் கருவேலத்தை அகற்றச் சொன்னபோது, எங்கள் மாவட்டத்தில் ஊர் ஊராக ஜேசிபி ஓடியது. தூர் எடுக்காமல் விட்ட இடங்களில் இன்றைக்கு முன்னைவிட அடர்த்தி.

இனி நிஜமான புல்தரை. சிவகாசியில் புதிதாகக் கட்டுகிற பங்களாக்களில் இப்போது முகப்பில் கம்பளம் விரித்தாற்போலப் புல். என் மருமகளும் கேட்டாள், "மாமா, முன்னாடி கொஞ்சம் புல்லு போட்டா பிள்ளை விழுந்து எந்திரிச்சு விளையாடும்ல." நியாயமான ஆசைதான். நர்சரியில் விசாரித்தேன். 500 சதுர அடிக்கு, சதுர அடி 45 ரூபாய் வீதம் 22,500. எங்கள் கரிசல் மண் மழையில் சேறாகும், கோடையில் விரல் நுழைகிற அளவுக்கு வெடிக்கும். அதன்மேல் புல் ஒட்டாது. அரை அடி செம்மண் பரப்ப வேண்டும் என்றால் இரண்டரை யூனிட் மண். அந்த விலை இதில் அடக்கம் என்றார்கள். பிறகு மாதம் இரண்டு தடவை வந்து வெட்டி, களை எடுத்து, உரம் போட 2,000. வருஷத்துக்கு 24,000. போட்ட செலவைவிடப் பராமரிப்பு அதிகம் என்பதை எந்த நர்சரியும் முதலில் சொல்வதில்லை.

இதையும் கொடுத்துவிடலாம். கொடுக்க முடியாத விலை தண்ணீர். நம் வெயிலுக்கு ஒரு சதுர மீட்டர் புல்லுக்கு நாளைக்கு ஐந்து லிட்டராவது வேண்டும். 500 சதுர அடி என்பது 46 சதுர மீட்டர். தினம் 230 லிட்டர், மாதம் ஏழாயிரம் லிட்டர். ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்தில் ஒரு ஆளுக்கு வைத்திருக்கிற அளவு நாளைக்கு 55 லிட்டர். நான்கு பேர் குடித்துக் குளித்துத் துவைக்கிற தண்ணீரை என் வீட்டு வாசல் குடித்துவிடும். வெம்பக்கோட்டை அணை வறண்டால் சிவகாசியில் குடம் வரிசை கட்டும், ஆனைக்குட்டம் வறண்டால் விருதுநகரில். போர்வெல் இருக்கிறதே என்றால் எங்கள் பக்கம் பாதிக்கு மேல் உப்புத் தண்ணீர், புல் நுனி கருகிவிடும். 1920-களில் தீப்பெட்டித் தொழிலும் அதன் பின்னால் பட்டாசும் இங்கே வேர் பிடித்ததற்கே ஒரு காரணம் வானம் பொய்த்த இந்த வறட்சிதான். அதை மறந்துவிட்டு லண்டன் புல்லை இங்கே கொண்டுவருகிறோம்.

பணக்கார ஊர்களே இதில் பின்வாங்குகின்றன. அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் வட்டாரத்தில் புல்தரையைப் பெயர்த்தெடுக்கும் வீட்டுக்காரருக்கு, சதுர அடிக்கு இவ்வளவு என்று தண்ணீர் வாரியமே பணம் தருகிறது. சாலையோரத்திலும் அலுவலகங்களின் முன்னாலும் சும்மா பார்வைக்கு நிற்கிற புல்லுக்கு 2026 முடிந்த பிறகு கொலராடோ ஆற்றுத் தண்ணீர் கிடையாது என்று நெவாடா மாநிலம் 2021இலேயே சட்டம் போட்டுவிட்டது. மருமகளிடம் இதைச் சொல்லவில்லை, தண்ணீர்க் கணக்கை மட்டும் சொன்னேன். வேப்பமரத்து நிழலில் ஒரு பகுதிக்கு ஆற்று மணலைக் கொட்டினோம். மீதி இடத்தில் தானாக வருகிற அருகம்புல். மழைக்குப் பச்சை, கோடைக்குப் பழுப்பு. பேரன் மணலில்தான் கிடக்கிறான்.

ஆகவே பணத்தைப் புல் வளர்ப்பதில் போடாமல் புல் எடுப்பதில் போடுங்கள் என்பது என் கட்சி. சொந்த வீட்டுக்கு இதைச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். பிரச்சினை பக்கத்து மனை. பிளாட் வாங்கிப் போட்டுவிட்டு நான்கு கல் நட்டவர் சென்னையிலோ கோயம்புத்தூரிலோ இருப்பார். அவர் மனையில் வளர்கிற பாம்பும் நெருப்பும் எங்களுக்கு. போன் செய்தால், "நீங்களே ஆள் வச்சு எடுத்துருங்க சார், ஊருக்கு வரும்போது தந்துர்றேன்" என்பார்கள். வருவதும் இல்லை, தருவதும் இல்லை.

2021இல் திருத்தங்கலையும் சேர்த்து சிவகாசியை மாநகராட்சி ஆக்கினார்கள். காலிமனை வரி வசூலிக்கிறார்கள். கார்த்திகை முடிந்ததும் ஒரு நோட்டீஸ் விடட்டும். தை பதினைந்துக்குள் வெட்டாத மனைகளை மாநகராட்சியே ஆள் வைத்து வெட்டி, வாரி, ஏற்றி, அந்த 2,500 ரூபாயை வரியோடு சேர்க்கட்டும். மெஷின் வைத்திருக்கிற தம்பிகளுக்கு இரண்டு மாதம் உறுதியான வேலை, பேசின கூலி. வரி ரசீதில் ஒரு வரி கூடினால், எந்த ஊரில் இருந்தாலும் மனை இருப்பது ஞாபகம் வந்துவிடும்.