கண் வைத்தியர்களின் உண்டியல்

நம் சங்கக் குடும்பங்கள் பலவற்றில் பிள்ளையோ பெண்ணோ மருமகனோ அமெரிக்காவில் வைத்தியத் தொழில் புரிந்து வருகின்றனர். அவர்கள் விடுமுறையில் இங்கு வரும்போது பேச்சோடு பேச்சாக ஒரு செய்தி வெளிப்படுகிறது. ஆண்டுதோறும் தம் தொழில் சங்கத்தின் அரசியல் நிதிக்கு ஒரு தொகை செலுத்துகிறார்களாம். அதைக் கேட்டுக் கடிதத்தின்மேல் கடிதம் வருகிறதாம். கேட்கும் பெரியவர்களுக்குத் திகைப்பு உண்டாகிறது. நாடி பார்ப்பவருக்கும் தேர்தலில் நிற்பவருக்கும் என்ன கொடுக்கல் வாங்கல்? இதற்கு நம் ஊரில் கைக்கூலி என்றல்லவா பெயர்? கேள்வி நியாயமானதே. எல்லா வைத்தியரையும் சேர்த்துப் பேசினால் பொருள் பரந்துவிடுமாதலால், கண் வைத்திய நிபுணர்களை மட்டும் இம்மாதம் எடுத்துக்கொள்கிறோம்.

அந்நாட்டில் 65 வயது நிரம்பியவர்களுக்கு மத்திய சர்க்கார் நடத்தும் வைத்திய இன்ஷூரன்ஸுக்கு மெடிகேர் என்று பெயர். கண்ணில் புரை விழுவது பெரும்பாலும் முதுமையில். எனவே கண் வைத்தியர் செய்யும் வேலையில் பெரும்பங்குக்கு விலை வைப்பவர் அவரும் அல்லர், நோயாளியும் அல்லர், சர்க்காரே. 2020-ஆம் ஆண்டில் புரை அறுவைக்கு வைத்தியருக்குரிய கட்டணம் ஏறக்குறைய 15 சதவீதம் குறைக்கப்பட்டது. அதற்கு முன்பு, 1997-ல் இயற்றப்பட்ட சட்டத்தில் இருந்த ஒரு கணக்குச் சூத்திரம் எல்லா வைத்தியரின் கட்டணத்தையும் வெட்டச் சொல்லிக்கொண்டே இருந்தது. 2003 முதல் 2014 வரை 17 தடவை காங்கிரஸ் சபை அந்த வெட்டைத் தற்காலிகமாகத் தள்ளிவைத்தது. 2015 ஏப்ரலில்தான் சூத்திரமே ஒழிந்தது. ஒரே வழக்குக்கு 17 முறை வாய்தா வாங்கியவன் வக்கீலை விட்டு ஒரு நாளாவது பிரிந்திருப்பானா? வைத்தியர் சங்கங்கள் தலைநகரில் நிரந்தரமாக வேரூன்றியதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இந்த மெடிகேர் திட்டம் பிறப்பதற்கு முன் அதைக் கடுமையாக எதிர்த்தவர்கள் வைத்தியர்களே. அமெரிக்க வைத்தியச் சங்கம் 1961-ல் தன் அரசியல் நிதியைத் தொடங்கிற்று. அதே ஆண்டில் வைத்தியர்களின் மனைவிமார் அண்டை வீட்டுப் பெண்களைக் காப்பிக்கு அழைத்து, இசைத்தட்டு ஒன்றைப் போட்டுக் காட்டினர். அதில் பேசியவர் அப்போது நடிகராயிருந்த ரொனால்டு ரீகன். 1981-ல் ஜனாதிபதியானாரே, அவரேதான். பேச்சு முடிந்ததும் வந்திருந்தவர்கள் தத்தம் கைப்படத் தம் தொகுதிப் பிரதிநிதிக்குக் கடிதம் எழுதுவார்கள். ஒருவர் தூண்டி எழுதியதாகத் தெரியாமல், தாமாகவே எழுதியதுபோல் இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஆயினும் 1965 ஜூலை 30-ஆம் தேதி ஜான்சன் கையெழுத்திட்டு மெடிகேர் சட்டமாயிற்று. எதை யமன் என்று அஞ்சினார்களோ, அதன் படியளப்பைக் குறைக்காதே என்று மன்றாடவே இன்று அந்தச் சங்கங்கள் வாஷிங்டன் செல்கின்றன.

இனி உண்டியலுக்கு வருவோம். கண் வைத்தியர்களின் பெரிய சங்கமாகிய அமெரிக்கன் அகாடமி ஆஃப் ஆப்தல்மாலஜிக்கு ஆப்த்பேக் என்ற நிதி உண்டு. சங்கத்தின் சந்தாப் பணத்தை எடுத்து மத்தியத் தேர்தல் வேட்பாளருக்குக் கொடுக்கச் சட்டம் இடம் தராது. அதற்கென்று தனி நிதி வைத்து, அங்கத்தினர் மனமுவந்து தருவதைத்தான் சேர்க்க வேண்டும். ஒருவர் ஓராண்டில் ஒரு நிதிக்கு 5,000 டாலருக்கு மேல் தரலாகாது. நிதி ஒரு வேட்பாளருக்கு ஒரு தேர்தலுக்கு 5,000 டாலருக்கு மேல் தரலாகாது. 200 டாலருக்கு மேல் தந்தவரின் பெயர், தொழில், வேலை செய்யும் இடம் யாவும் தேர்தல் கமிஷனின் ஏட்டில் ஏறும். அந்த ஏட்டை யாரும் பார்க்கலாம். பக்கத்து வீட்டுக்காரரும் பார்க்கலாம், எதிராளியும் பார்க்கலாம். இந்த அளவுக்கு இதைக் கைக்கூலி என்று சொல்ல நம் மனம் ஒப்பவில்லை. கைக்கூலி ரசீது போட்டுக்கொண்டு நடப்பதில்லை.

பணம் வாசற்கதவைத் திறக்கும்; உள்ளே போய்ப் பேச ஆள் வேண்டும். வசந்த காலத்தில், பெரும்பாலும் ஏப்ரலில், கண் வைத்தியர்கள் பல மாநிலங்களிலிருந்தும் வாஷிங்டனில் கூடுவார்கள். பயிற்சியிலிருக்கும் இளம் வைத்தியர்களையும் மாநிலச் சங்கங்கள் அழைத்துவரும். ஒவ்வொருவரும் தம் தொகுதிப் பிரதிநிதியின் அலுவலகத்துக்குச் செல்வர். பெரும்பாலும் எதிரே உட்காருபவர் பிரதிநிதி அல்லர், இளவயதுக் காரியதரிசி ஒருவரே. கிடைக்கும் சிறிது நேரத்தில், இன்ன ஊரில் இத்தனை முதியவர்களுக்கு நாங்கள் வைத்தியம் செய்கிறோம், கட்டணம் குறைந்தால் இன்னது நேரும் என்று சொல்ல வேண்டும். தொகுதிக்காரர் என்ற ஒரே தகுதிக்குத்தான் அங்கே மரியாதை. வேற்றூர்ப் பேரறிஞர் பேச்சைவிட உள்ளூர் வைத்தியர் பேச்சுக்கு அங்கே காது அதிகம்.

ஆனால் கண் வைத்தியர்களுக்கு உறக்கம் கெடுவது கட்டணத்தால் மட்டுமன்று. யார் கண்ணைத் தொட்டுச் சிகிச்சை செய்யலாம் என்ற வழக்கு மாநிலச் சட்டசபைகளில் நடக்கிறது. கண்ணைச் சோதித்துக் கண்ணாடி எழுதிக் கொடுப்பவருக்கு ஆப்டோமெட்ரிஸ்ட் என்று பெயர். அவர் கல்லூரிப் படிப்புக்குப் பின் 4 ஆண்டு தம் துறையில் பயின்றவர். வைத்தியக் கல்லூரியில் படித்தவர் அல்லர். புரை அறுவைக்குச் சிறிது காலம் சென்று, வைத்த லென்ஸின் பின்னேயுள்ள சவ்வு சிலருக்கு மங்கிப்போவதுண்டு; லேசர் ஒளியால் அதைத் திறப்பார்கள். இதையும் இதுபோன்ற சில லேசர் சிகிச்சைகளையும் தாமும் செய்யலாம் என்று ஆப்டோமெட்ரிஸ்டுகள் கேட்டனர். முதலில் இசைந்தது ஒக்லஹோமா, 1998-ல். கென்டக்கி 2011-ல் சில வாரங்களுக்குள் சட்டம் செய்து முடித்தது. அங்கே சட்டசபையின் ஏறக்குறைய எல்லா உறுப்பினருக்கும் ஆப்டோமெட்ரிஸ்ட் தரப்பிலிருந்து தேர்தல் நன்கொடை போயிருந்ததைப் பத்திரிகைகள் வெளியிட்டன. உண்டியல் ஒரு தரப்புக்கு மட்டும் சொந்தமன்று.

ஆர்க்கன்சாஸ் கதை இன்னும் விசித்திரம். 2019-ல் அங்கே அத்தகைய சட்டம் நிறைவேறியதும், அதை மக்கள் வாக்குக்கே விடுவோம் என்று கண் வைத்தியர் தரப்பு 80,000-க்கு மேற்பட்ட கையெழுத்துக்களைத் திரட்டியது. கூலிக்குக் கையெழுத்து வாங்குவோரின் குற்றப் பின்னணி விசாரிக்கப்பட வேண்டும் என்பது அம்மாநில விதி. விசாரணை நடத்தப்பட்டதாகச் சான்று கொடுத்தார்கள். அதில் அவர்கள் தேறினார்கள் என்று சொல்லவில்லை. 2020 செப்டம்பரில் உயர்நீதிமன்றம் அந்தக் கேள்வியை வாக்குச் சீட்டிலிருந்தே நீக்கிவிட்டது. நமூனாவில் ஒரு சொல் குறைந்தால் கோப்பு திரும்பி வரும் என்பதை அலுவலகத்தில் காலங்கழிக்கும் நமக்கு எவரும் சொல்ல வேண்டியதில்லை. கலிபோர்னியாவிலோ 2022-ல் சட்டசபை நிறைவேற்றிய மசோதாவைக் கவர்னர் தடுத்துவிட்டார்.

இரு தரப்பும் நோயாளியின் நன்மையையே சொல்கின்றன. நாட்டுப்புறத்தில் கண் வைத்தியர் நெடுந்தூரத்தில் இருக்கிறார், நாங்கள் அருகிலிருக்கிறோம் என்பது ஒரு கட்சி. பயிற்சி போதாது, கண் போனால் வராது என்பது மறுகட்சி. ஒக்லஹோமாவில் கண்ணழுத்த நோய்க்குச் செய்த லேசர் சிகிச்சையை ஆராய்ந்து 2016-ல் ஒரு கட்டுரை வெளிவந்தது. ஆப்டோமெட்ரிஸ்ட் செய்த கண்களில் 35.9 சதவீதத்துக்கும், வைத்தியர் செய்தவற்றில் 15.1 சதவீதத்துக்கும் மறுமுறை சிகிச்சை தேவைப்பட்டதாம். சிகிச்சையை இரு தவணையாகச் செய்வதும் முறைதான் என்று மறுதரப்பு வாதித்தது. இத்தகைய விவாதம் வைத்திய சபையில் நடந்து தீர வேண்டியது. நன்கொடை வாங்கிய சட்டசபை உறுப்பினர் கைதூக்கித் தீர்க்க வேண்டியதா என்பதே நம் சந்தேகம்.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். இம்மாநிலப் போர்களுக்காக அகாடமியிடம் வேறொரு நிதி இருக்கிறது. அது வேட்பாளருக்குக் கொடுப்பதற்கன்று. பிரசாரத்துக்கும் மசோதாவை எதிர்க்கும் வேலைக்கும் உரியது. அதற்குக் கம்பெனிகளும் தரலாம். தந்தவர் பெயர் வெளிவராது என்று அகாடமியே உறுதி கூறுகிறது. முன்சொன்ன திறந்த ஏட்டைப் புகழ்ந்த நாம் இந்த மூடிய ஏட்டைப் புகழ இயலாது. பெயர் மறைத்துக் கொடுக்கும் தேர்தல் பத்திரங்கள் நம் நாட்டில் 2018-ல் வந்தன. வாக்காளரின் அறியும் உரிமைக்கு மாறானவை என்று 2024 பிப்ரவரி 15-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் அவற்றைச் செல்லாதவையாக்கிற்று. சட்டப்படி இரண்டும் வெவ்வேறு; ஆனால் தந்தவரின் பெயர் தெரியாவிடில் வாக்காளருக்கு இரண்டிலும் ஒரே இருட்டுத்தான்.

இவ்வழக்கு நமக்கும் புதிதன்று. ஆயுர்வேதத்தில் உயர்பட்டம் பயில்வோர் புரை அறுவை உள்ளிட்ட 58 வகை அறுவைகளைக் கற்றுச் செய்யலாம் என்று 2020 நவம்பரில் அறிவிப்பு வந்தபோது, இந்திய வைத்தியச் சங்கம் டிசம்பர் 11-ஆம் தேதி வேலைநிறுத்தம் செய்தது. அமெரிக்காவில் உண்டியல், இங்கே அடைத்த கதவு. மதுரையில் டாக்டர் வெங்கடசாமி 1976-ல் தொடங்கிய அரவிந்த் ஆஸ்பத்திரியில் கிராமத்துப் பெண்கள் பயிற்சி பெற்றுக் கண் சோதனை முதலிய பணிகளைச் செய்ய, அறுவையை வைத்தியர் செய்கிறார். வேலைப் பங்கீடு அங்கே ஒரே கூரையின் கீழ் அமைந்துவிட்டது. ஒன்று கவனிக்க வேண்டும்: உண்டியல் வைத்தியருக்கு உண்டு, ஆப்டோமெட்ரிஸ்டுக்கு உண்டு, புரை விழுந்த கிழவிக்கு இல்லை. அவர் சார்பில் பேசுவதாகச் சொல்வோரின் ஏடாவது திறந்திருக்கட்டும் என்று நாம் கேட்பதற்கு இதுவே காரணம்.

ரயில்வே உத்தியோகத்தில் இருப்பவருக்கு 1966-ஆம் ஆண்டு நடத்தை விதிகள் அரசியல் இயக்கங்களுக்குப் பணம் தருவதைத் தடுக்கின்றன. ஆகையால் நமக்கு இந்தத் தொல்லை இல்லை. அமெரிக்காவிலுள்ள நம் பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு குறிப்பு. குடியுரிமை பெற்றவரும், பச்சை அட்டை பெற்று நிரந்தரமாகத் தங்கியவரும் அங்கே தேர்தல் நிதிக்குத் தரலாம். தற்காலிக வேலை விசாவில் இருப்பவர் 10 டாலர்கூடத் தரலாகாது. அது சட்ட விரோதம். தொகுதிப் பிரதிநிதிக்குக் கடிதம் எழுத மட்டும் யாருக்கும் தடையில்லை.