பூட்டுக்குமா தமிழில் சொல் இல்லை?

‘கணினியியலைத் தமிழிற் கற்பிக்க வியலாது, சொற்கள் எங்கே?’ என்று வினவுவோர் தமிழ்நாட்டுக் கல்லூரிகளிலேயே மிக்கிருக்கின்றனர். அவர்க்கு ஒல்லாந்தத்தினின்று ஒரு விடை உண்டு.

ஒரே நேரத்தில் இயங்கும் நிரல்கள் பல, பொதுத்தரவு ஒன்றைத் தொடுவதுண்டு. வைப்பகக் கணக்கொன்றில் 1000 உருபா உளதென்க. ஒரு நிரல் 500 சேர்க்க வருகின்றது. மற்றொன்று 200 கழிக்க வருகின்றது. இரண்டும் ஒருங்கே 1000 என்று படித்துவிடுகின்றன. முன்னது 1500 என எழுதுகின்றது. பின்னது அதனை அறியாமல் 800 என மேலெழுதிவிடுகின்றது. இருக்கவேண்டியது 1300. எவரும் களவாடாமலே 500 உருபா மறைந்தது! இதனைத் தடுப்பதே பூட்டு. படிக்குமுன் பூட்டி, எழுதியபின் திறத்தல் வேண்டும். இடையில் வரும் நிரல் வாயிலில் நிற்கும். பூட்டைப் பொருட்படுத்தாது ஒரு நிரல் புகுந்தாலும் ஏனையவற்றின் காவல் பயனற்றுப்போம்.

இச் சிக்கலை நெறிப்பட ஆய்ந்தோருள் தலையாயவர் ஒல்லாந்த அறிஞர் எட்சுகர் தைக்குசுதிரா. 1960களில், தொடர்வண்டிப் பாதையின் கைகாட்டியை ஒப்புமையாகக் கொண்டு, ஓர் எண்ணைக் காவலாக நிறுத்தினார். புகும் நிரல் அவ் வெண்ணைக் குறைக்க முயலும், இயலாதாயின் காத்திருக்கும். வெளியேறும் நிரல் அதனை உயர்த்தும். இவ் விரு வினைகட்கும் அவர் இட்ட பெயர்கள் பி, வி என்பன. வி, உயர்த்துதலைக் குறிக்கும் ஒல்லாந்தச் சொல்லின் முதலெழுத்து. பி-யோ, ‘குறைக்க முயல்’ என்பதைச் சுருக்கி அவரே புனைந்த ‘புரோலாக்’ என்னும் புதுச்சொல்லின் முதலெழுத்து. 1965இல் ஆங்கிலத்தில் வரைந்த கட்டுரையிலும் அவர் அவற்றை மாற்றினாரல்லர். இன்றும் இயங்குதள நூல்கள் அவ் வீரெழுத்துகளையே சுமக்கின்றன. ஆங்கில மாணவனும் பொருள் தெரியாமலே அவற்றை நெட்டுருச் செய்கின்றான்!

தமிழனுக்கோ இங்குச் சொல் புனையும் உழைப்பும் பெரிதும் வேண்டா. பூட்டு, திறவு, கைகாட்டி யாவும் நாட்டு வழக்கிலேயே உள்ளன. ஓரிடத்தில் மட்டும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஒரு நிரல் முதற்பூட்டைப் பற்றிக்கொண்டு இரண்டாவதற்கும், மற்றொரு நிரல் இரண்டாவதைப் பற்றிக்கொண்டு முதலதற்கும் காத்து, இரண்டும் அசையாது நின்றுவிடுவதுண்டு. இதனை முட்டுக்கட்டை என்பாருளர். அது பொருந்தாது, முட்டுக்கட்டை ஒருவர் இடுவது. இதுவோ ஒன்றையொன்று வளையமாய் மறித்தல். ‘சூழ்மறிப்பு’ எனின் நோயும் விளங்கும், மருந்தும் விளங்கும்: எல்லா நிரல்களும் பூட்டுகளை ஒரே வரிசையிற் பற்றின் வளையம் உண்டாகாது.

‘லாக்’ என்று கேட்ட மாணவன் அதனை எழுதிக்கொள்வான். பூட்டு என்று கேட்டவனோ, ‘திறவுகோல் எவரிடம்?’ என வினவுவான். அவ் வினாவே இத் துறையின் உயிர்நிலை. பூட்டிய நிரல் திறக்க மறப்பின், ஏனைய யாவும் வாயிலிலேயே கிடக்கும்.