வாத்தியார் கேட்பது பாக்கிச் சம்பளம்!

திருவண்ணாமலை | 17.12.2024 | ஓய்வூதியர் நாள்



13ஆம் தேதி ஏற்றிய தீபம் மலை மேல இன்னும் எரிஞ்சிட்டு இருக்கு. அந்த வெளிச்சத்துல ரெண்டு டீச்சருங்க 14 கிலோமீட்டர் கிரிவலம் நடக்குறதா நினைச்சுப் பாருங்க. ரெண்டு பேரும் ஒரே அரசுப் பள்ளி, ஒரே வயசு. வர்ற மே மாசத்தோட ரெண்டு பேரும் பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே வர்றாங்க. ஒருத்தர் வேலைக்குச் சேர்ந்தது 2002. இன்னொருத்தர் 2004.

இந்த ரெண்டு வருஷ இடைவெளிக்கு நடுவுல ஒரு தேதி இருக்கு. 2003 ஏப்ரல் 1. அன்றைய அதிமுக அரசு, அந்த நாளுக்குப் பிறகு பணியில் சேர்ந்த அத்தனை பேரையும் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் தள்ளியது. பேருலதான் ஓய்வூதியம். மாசா மாசம் வர்ற ஓய்வூதியம் கிடையாது.

கணக்கு போட்டே பார்த்துடலாம். ரெண்டு பேருக்கும் அடிப்படை ஊதியம் 60,000 ரூபாய்னு வெச்சுக்குவோம்.

👉 2002இல் சேர்ந்தவர்: முப்பது வருஷப் பணிக்கு அடிப்படை ஊதியத்துல பாதி. இவருக்கு 22 வருஷப் பணி, அதனால 22,000 ரூபாய். 2024 டிசம்பரில் இருந்த 53 சதவீத அகவிலைப்படி சேர்த்தா 33,660 ரூபாய். விலைவாசி ஏற ஏற இந்தத் தொகையும் ஏறும். பணிக்கொடை உண்டு. அவருக்குப் பிறகு குடும்ப ஓய்வூதியமும் உண்டு.

👉 2004இல் சேர்ந்தவர்: மாசா மாசம் சம்பளத்துல பத்து சதவீதம் பிடிச்சாங்க. 2024 டிசம்பர் கணக்குல அது 9,180 ரூபாய். அரசும் அதே அளவு போடும். கடைசியில ஒரு மொத்தத் தொகை கைக்கு வரும். ஒரு பேச்சுக்கு 25 லட்சம்னு வெச்சு, 7 சதவீத வட்டிக்குப் போட்டாலும் மாசம் சுமார் 14,500 ரூபாய். பத்து வருஷம் கழிச்சும் அதே 14,500தான். 2024இல் இருந்த விதிப்படி பணிக்கொடை இல்லை. குடும்ப ஓய்வூதியமும் அப்போ இல்லை. பணியில இருக்கும்போது பொண்ணு கல்யாணத்துக்கு அந்தக் கணக்கிலிருந்து முன்பணம் எடுக்கவும் வழி இல்லாம இருந்தது.

"அசல்தான் கையில இருக்கே?"ன்னு கேட்பாங்க. இருக்கு. ஆஸ்பத்திரி செலவு ஒண்ணு வர்ற வரைக்கும் இருக்கும். பிள்ளை தொழில் பண்ணணும்னு கேட்கிற வரைக்கும் இருக்கும். அறுபது வயசுக்கு மேல ஒரு மொத்தத் தொகை எவ்வளவு நாள் தங்கும்னு நம்ம வீட்டுப் பெரியவங்களைக் கேட்டா தெரியும்.

இன்னொன்றையும் சொல்லணும். அந்தக் காலத்தில் வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவுமூப்புப்படிதான் ஆசிரியர் நியமனம். பதிவு பண்ணிட்டு வருஷக்கணக்கா காத்திருந்து, நாற்பது வயசுல வேலைக்குப் போனவங்க நம்ம மாவட்டத்தில் எத்தனையோ பேர். 2003க்குப் பிறகு வந்தவர்களைத் தொகுப்பூதியத்தில்தான் எடுத்தார்கள். 2006 ஜூன் 1 முதல்தான் காலமுறை ஊதியம். ஜவ்வாதுமலையில, தண்டராம்பட்டுல, செங்கம் பக்கத்துக் கிராமங்கள்ல பஸ் இல்லாத பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போய் எழுத்துச் சொல்லிக் கொடுத்தது இவங்கதான். வேலை தாமதமா வந்தது அவங்க குற்றமா?

இன்று ஏன் ஓய்வூதியர் நாள்? 1982 டிசம்பர் 17 அன்று நகரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஓய்வூதியம் என்பது அரசு மனமிரங்கிப் போடும் கொடை அல்ல, செய்து முடித்த பணிக்கான உரிமை என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. நம்ம ஊர் பாஷையில சொன்னா, அது பாக்கிச் சம்பளம். வேலை செய்யும்போது முழுசா தராம, "வயசான காலத்துல தர்றோம்"னு எடுத்து வெச்ச கூலி. அந்தக் கூலியைத்தான் 2003இல் ஒரு அரசாணையில் இல்லைன்னு சொல்லிட்டாங்க.

கேட்டவங்களுக்கு என்ன நடந்தது? 2003 ஜூலையில் ஓய்வூதிய உரிமைகள் பறிபோனதை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்த சுமார் 1.7 லட்சம் அரசு ஊழியர்கள், ஆசிரியர்களை ஒரே அடியாக டிஸ்மிஸ் செய்தார்கள். 2016இல் ஒரு வல்லுநர் குழு போட்டார்கள். 2018 நவம்பரில் அறிக்கை வந்தது, அலமாரிக்குள்ள போனது. 2019 ஜனவரியில் ஜாக்டோ-ஜியோ மறுபடியும் தெருவுக்கு வந்தது. கைது, சஸ்பெண்ட்.

அப்போ எதிர்க்கட்சியா இருந்த திமுக என்ன சொன்னது? 2021 தேர்தல் அறிக்கை, வாக்குறுதி எண் 309: பழைய ஓய்வூதியத் திட்டம் மீண்டும் கொண்டுவரப்படும். ஆசிரியர் குடும்பங்கள் நம்பி ஓட்டு போட்டாங்க. 2024 டிசம்பரோட ஆட்சிக்கு வந்து மூன்றரை வருஷம் ஆச்சு. அப்பவும் "பரிசீலனையில் உள்ளது". பறித்தது ஒரு கழகம். தர்றேன்னு சொல்லி இழுத்தடித்தது இன்னொரு கழகம்.

"நிதி இல்லை" என்கிறார்கள். ராஜஸ்தான், சத்தீஸ்கர், ஜார்க்கண்ட், பஞ்சாப், இமாச்சலம் எல்லாம் பழைய திட்டத்துக்குத் திரும்புவதாக அறிவித்தார்களே, எப்படி? மேற்கு வங்கம் பழைய திட்டத்தை விடவே இல்லையே, எப்படி? புதிய திட்டம்தான் உசத்தி என்று இருபது வருஷமா சொன்ன ஒன்றிய அரசே, 2024 ஆகஸ்ட் 24 அன்று 25 வருஷப் பணிக்கு அடிப்படை ஊதியத்தில் பாதி உறுதி என்று ஒரு புதுத் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்திருக்கிறது. ஊழியர் பங்களிப்பை அதிலும் விடவில்லை. அதனால் அது நாம் கேட்கும் பழைய திட்டம் இல்லை. ஆனா உறுதியான தொகை இல்லாத ஓய்வூதியம் செல்லாதுன்னு டெல்லியே ஒத்துக்கிட்டாச்சு. சென்னை மட்டும் அப்போ ஏன் வாய் திறக்கல?

ஒரு முறை எம்எல்ஏவா இருந்தவருக்கு ஆயுள் முழுக்க ஓய்வூதியம் உண்டு. அதுக்கு மட்டும் நிதி எங்கிருந்து வருது?

இப்போ ஒரு நியாயமான கேள்வி. மாட வீதியில பூ விக்கிற அம்மா கேட்பாங்க: "எனக்கே ஒண்ணும் இல்ல, சம்பளம் வாங்கின வாத்தியாருக்கு எதுக்குப்பா?" அம்மா, உங்க கோபம் சரி. உங்களுக்கு அரசு தந்த முதியோர் உதவித்தொகை 2024இல் மாசம் 1,200 ரூபாய். அதில் ஒன்றிய அரசின் பங்கு எண்பது வயது வரை வெறும் 200. இந்தக் காசுல யாரும் வாழ முடியாது. ஆனா டீச்சர் ஓய்வூதியத்தைப் பறிச்சு இந்த இருபது வருஷத்துல உங்க 1,200ஐ யாராவது 5,000 ஆக்கினாங்களா? இல்லையே! உங்களையும் டீச்சரையும் மோத விட்டு, ரெண்டு பேருக்கும் தர வேண்டியதைத் தராம இருக்காங்க. உங்க பேரப்பிள்ளை படிக்கிறதும் அதே அரசுப் பள்ளியிலதான். நாளைக்கு என்ன ஆகுமோன்னு பயந்துகிட்டே பாடம் நடத்துற டீச்சர் உங்க பிள்ளைக்கும் நஷ்டம்தான்.

ஓய்வை நெருங்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. போராட்டம் ஒரு பக்கம் நடக்கட்டும், உங்க காகிதங்களை இப்பவே சரி பண்ணுங்க. வருடாந்தரக் கணக்குத்தாளில் விடுபட்ட மாதங்கள் இருக்கான்னு பாருங்க. பணிப்பதிவேட்டில் பணிவரன்முறை, ஊதிய உயர்வு எல்லாம் பதிவாகி இருக்கான்னு பாருங்க. வாரிசு நியமனத்தைப் புதுப்பிங்க. உரிமை திரும்பக் கிடைக்கிற நாள்ல, பதிவேட்டில் ஒரு வரி இல்லைன்னு யாரும் உங்களைத் திருப்பி அனுப்பக் கூடாது.

நமது கோரிக்கைகள்:

✊ 2003 ஏப்ரல் 1க்குப் பின் பணியேற்ற அனைவருக்கும் பழைய ஓய்வூதியம்!
✊ தொகுப்பூதியக் காலத்தையும் பணிக்காலமாகக் கணக்கிடு!
✊ பணிக்காலத்தில் இறந்தவர் குடும்பங்களுக்குக் குடும்ப ஓய்வூதியம் கொடு!
✊ முதியோர் உதவித்தொகையைக் கௌரவமாக வாழும் அளவுக்கு உயர்த்து!

ஓட்டு கேட்டு உங்க தெருவுக்கு வருவாங்க. வாசல்ல நிக்க வெச்சு ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "309 என்ன ஆச்சு?"

உங்களுக்கு அ, ஆ சொல்லிக் கொடுத்த டீச்சர் பேரைக் கமெண்ட்ல எழுதாதீங்க. அவங்க வீட்டுக்கு ஒரு நடை போய், எப்படி இருக்கீங்கன்னு விசாரிங்க. அப்புறம் இந்தப் பதிவைப் பகிருங்க.

#309_என்ன_ஆச்சு #பழைய_ஓய்வூதியம்_எங்கள்_உரிமை #திருவண்ணாமலை