பார்க்கலாம், புழங்கக் கூடாதா?

கள ஆய்வுக்காக நான் தங்கியிருந்த கிராமத்தில், தலித் குடியிருப்பிலிருந்து சுடுகாட்டுக்குப் போகும் பாதை ஓடைக்கரையை ஒட்டிச் செல்கிறது. அதன் நடுவே ஒருவர் கம்பிவேலி போட்டார். மனு எழுத உட்கார்ந்த இரவில் குடியிருப்புப் பெரியவர் ஒருவர் என்னிடம் கேட்டார்: “தம்பி, மேப்புல நம்ம பாதை இருக்குதான்னு பாத்துச் சொல்லுப்பா.”

செல்பேசியில் தேடினேன். கூகுள் வரைபடத்தில் இல்லை. உலகெங்கும் தன்னார்வலர்கள் சேர்ந்து வரையும் ஓபன்ஸ்ட்ரீட்மேப்பிலும் இல்லை. ஊருக்குள் வரும் தார்ச்சாலையோடு அது நின்றுவிட்டது. மறுநாள் வருவாய்த் துறையின் கிராம வரைபட நகலைப் பார்த்தோம். இருந்தது. ஓடையை ஒட்டி, சுடுகாடு வரை, புள்ளிக்கோடாக.

அதைப் பார்த்து ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் வரையத் தொடங்கினேன். அதில் பல ஆண்டுகளாகப் பங்களிக்கும் நண்பர் தடுத்தார். “அரசாங்க மேப்பைப் பாத்து வரையாதீங்க தோழர். உரிமம் தெளிவா இல்லன்னா நீக்கிடுவாங்க.” எனக்குக் கோபம் வந்தது. பொதுப்பணத்தில் அளந்து, பொது அலுவலகத்தில் வைத்திருக்கும் வரைபடம். அதிலிருந்து ஒரு கோட்டை எடுக்க யாருடைய அனுமதி வேண்டும்?

அரசின் அனுமதி வேண்டும் என்கிறது சட்டம். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி அரசு உருவாக்கும் படைப்புக்கு அரசே முதல் உரிமையாளர். 28ஆம் பிரிவுப்படி, வெளியான அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் அந்த உரிமை நீடிக்கும். இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். 1802இல் சென்னை பரங்கிமலை அருகே லாம்ப்டன் அடிக்கோடு அளந்து தொடங்கிய பெரும் நில அளவையின் காலனியக் கால வரைபடங்களை இன்று யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். நம்முடைய குடியரசு அண்மையில் அளந்ததை எடுக்க முடியாது.

தன்னார்வலர்கள் இதில் கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு. ஓபன்ஸ்ட்ரீட்மேப் 2004இல் பிரிட்டனில் பிறந்ததே அங்கிருந்த அரசு நில அளவை நிறுவனம் தன் வரைபடத் தகவலை அதிக விலைக்கு விற்றதால்தான். எவரிடமிருந்தும் நகலெடுக்காமல், தெருத்தெருவாக நடந்து வரைந்தார்கள். 2012 முதல் அந்தத் தரவுத்தளம் திறந்த தரவுத்தள உரிமத்தின் கீழ் வருகிறது. யாரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். மூலத்தைச் சொல்ல வேண்டும், மேம்படுத்திய தரவுத்தளத்தைப் பொதுவில் பயன்படுத்தினால் அதையும் அதே உரிமத்தில் தர வேண்டும். இந்த உறுதி செல்ல வேண்டுமானால் உள்ளே வரும் ஒவ்வொரு கோடும் சுத்தமான மூலத்திலிருந்து வந்திருக்க வேண்டும். ஒரு வழக்கு வந்தால் மொத்த உழைப்பும் ஆட்டம் காணும்.

அரசு எதையும் திறக்கவில்லை என்று சொல்ல முடியாது. 2005இன் தேசிய வரைபடக் கொள்கை பாதுகாப்புத் துறைக்கு ஒன்று, பொதுமக்களுக்கு ஒன்று என இரண்டு வரிசைகளைப் பிரித்தது. 2017இல் ஆதார் எண்ணைக் கொடுத்து வரைபடங்களை இணையத்தில் தரவிறக்கும் வசதி வந்தது. அதே ஆண்டு இந்திய அரசின் திறந்த தரவு உரிமம் அரசிதழில் வெளியானது. மூலத்தைக் குறிப்பிட்டு யாரும் பயன்படுத்தலாம் என்று சொல்லும் தாராளமான உரிமம் அது. ஆனால் தன் தரவுக்கு அந்த உரிமம் பொருந்தும் என்பதை வெளியிடும் துறை சொல்ல வேண்டும். நான் பார்த்த கிராம வரைபடத்தில் அப்படி ஒரு வரிகூட இல்லை.

2021 பிப்ரவரியில் வந்த புவியிடத் தரவு வழிகாட்டுதல்கள் இன்னும் முன்னே போயின. முன்அனுமதி முறை நீங்கியது. பொதுப்பணத்தில் உருவான தரவு, பாதுகாப்பு சார்ந்தவை போக, இந்தியர்களுக்கும் இந்திய நிறுவனங்களுக்கும் எளிதில் கிடைக்க வேண்டும் என்றார்கள். சிக்கல் அந்த ‘இந்திய’ என்ற சொல்லில் இருக்கிறது. ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் சேர்ந்த தகவல் உலகில் யாருக்கும் கிடைக்கும். குடியுரிமை பார்த்துத் தரும் தரவை அந்த உரிமத்துக்குள் கொண்டுவர முடியாது. ஒரு மீட்டரைவிட நுணுக்கமான தரவு இந்தியாவிலேயே சேமிக்கப்பட வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு.

இங்கே எனக்கு மகத் நினைவுக்கு வருகிறது. பொதுப்பணத்தில் கட்டிய நீர்நிலைகளைத் தீண்டப்படாதோரும் பயன்படுத்தலாம் என 1923இல் பம்பாய் சட்டமன்றம் தீர்மானித்தது. தாளில் திறந்த சவதார் குளத்தில் இறங்கி நீரெடுக்க 1927இல் அம்பேத்கரும் ஆயிரக்கணக்கானோரும் போக வேண்டியிருந்தது, அதற்காக அடியும் வாங்க வேண்டியிருந்தது. வரைபட உரிமமும் அந்த வன்கொடுமையும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. பொதுப்பணத்தில் உருவானதைப் பார்க்க விடுவது வேறு, புழங்க விடுவது வேறு என்ற பாடம் நமக்குப் புதிதல்ல என்கிறேன்.

உரிமம் வழக்கறிஞர்கள் பேச வேண்டிய விஷயம், நமக்கென்ன என்று சில தோழர்கள் நினைக்கலாம். தனியார் வரைபடங்கள் கடை இருக்கும் தெருவுக்கு முதலில் வரும். சுடுகாட்டுப் பாதையில் அவர்களுக்கு வருமானம் இல்லை. 2015 சென்னை வெள்ளத்தில் மூழ்கிய தெருக்களை மக்களே குறித்துப் பகிர்ந்தது ஓபன்ஸ்ட்ரீட்மேப்பின் மீதுதான். அதில் இல்லாத தெருவைக் குறிக்க முடியாது. ‘காலனி’ என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் முதல்வர் அறிவித்தார். மாறும் பெயர்களின் பட்டியல் திறந்த உரிமத்தில் வெளிவராவிட்டால், ஆவணத்தில் போன சொல் நம் செல்பேசியில் தங்கிவிடும்.

தீர்வுக்குப் புதிய சட்டம்கூடத் தேவையில்லை. பிரிட்டனின் அதே நிறுவனம் 2010இல் தன் தரவின் ஒரு பகுதியைத் திறந்தது. அதைச் சேர்த்துக்கொள்ள ஆட்சேபம் இல்லை என்று பிறகு எழுத்தில் சொன்னது. தாராளமான படைப்பாக்கப் பொதும உரிமத்தில் வரும் தரவுக்கே ஓபன்ஸ்ட்ரீட்மேப் அறக்கட்டளை இப்படி ஒரு கடிதம் கேட்கிறது. நமக்கும் வேண்டியது ஒரு பக்கக் கடிதம்: கிராம வரைபடங்களில் உள்ள பாதைகள், நீர்நிலைகள், சுடுகாடுகள், குடியிருப்புப் பெயர்கள் ஆகியவற்றைத் திறந்த தரவுத்தள உரிமத்தில் சேர்க்க மாநில அரசு ஆட்சேபிக்கவில்லை என்ற கடிதம். பட்டாதாரர் பெயர் வேண்டாம், தனிநபர் விவரம் எதுவும் வேண்டாம்.

எச்சரிக்கை ஒன்றும் நம் பக்கம் தேவை. எந்தத் தெரு எந்தச் சாதியினுடையது என்று காட்டும் வரைபடம், கலவர நேரத்தில் யார் கையில் சிக்கும் என்று நமக்குத் தெரியும். பாதையை வரைவோம், சாதியை எழுத வேண்டாம். தங்கள் தெருவுக்கு என்ன பெயர் என்பதை அங்கே வாழ்பவர்களிடம் கேட்டு எழுதுவோம். நகரத்திலிருந்து செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து வரைபவர்களுக்கு இதைச் சொல்ல நம்மிடமிருந்தும் ஆட்கள் போக வேண்டும்.

அந்தக் கிராமத்தில் கடைசியில் என்ன செய்தோம்? குடியிருப்பு இளைஞர்கள் நான்கு பேரும் நானும் செல்பேசியின் ஜிபிஎஸ்ஸை இயக்கிவிட்டு, வேலியைத் தாண்டி, சுடுகாடு வரை நடந்தோம். எங்கள் கால் பதிந்த தடத்துக்கு யாருடைய பதிப்புரிமையும் இல்லை. அன்றிரவே பாதை ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் ஏறியது. அது சட்டப்படியான சான்று ஆகாது. மனுவோடு வருவாய்த் துறை வரைபடத்தைத்தான் இணைத்தோம். மனு இன்னும் வட்டாட்சியர் அலுவலகத்தில் இருக்கிறது.

பெரியவரிடம் செல்பேசியைக் காட்டினேன். கோட்டை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, “அவங்க மேப்புல இருக்கறத நாம ஏம்ப்பா மறுபடி நடந்து காட்டணும்?” என்றார். அந்தக் கேள்வியை அரசிடம் கொண்டுபோவது நம் வேலை.