நாகூருக்கு எப்படிப் போறது?

துபாய்க்கு எப்படிப் போறது என்று எங்கட ஊரில் சின்னப் புள்ளயிடம் கேட்டாலும் சொல்லும். நாகூருக்கு எப்படிப் போறது என்று கேட்டுப் பாருங்க, டிரவல்ஸ்காரரே ஒருக்கா யோசிப்பார். கல்முனைக்குடியில் இது வேடிக்கைதான். எங்கட கடற்கரைப் பள்ளியே நாகூர் ஷாஹுல் ஹமீத் வலியுல்லாஹ் பேரில் இருக்கிற தர்கா. ஒவ்வொரு வருஷமும் கொடியேத்தத்துக்கு மணலில் கால் வைக்க இடமிருக்காது. ஆனா அந்த நாகூரைக் கண்ணால் கண்டவங்க எங்கட தெருவில் எத்தனை பேர்?

என்ட உம்மா காணல்ல. அவவுக்கு அறுபது வயசு. பாஸ்போர்ட் இருக்கு, உம்ராவுக்கு எடுத்தது. இந்தத் தரம் நானும் ராத்தாவும் உம்மாவும் போறது என்று முடிவெடுத்தம். ஆம்பளத் துணை இல்லாம மூணு பொம்புளையளா என்று காக்கா முகத்தைத் திருப்பினார். மறுகா செலவுக்குக் காசு தந்தார்.

டிரவல்ஸில் தந்த பெக்கேஜ்: சென்னை, தி.நகர், மகாபலிபுரம், ஊட்டி. தி.நகரில் சாரி எடுக்கிறதில் எனக்குக் கோபமில்ல. ஆனா இந்தியா என்றால் இவ்வளவுதான் என்று யாரோ ஒருத்தர் முடிவெடுத்து எங்களுக்கு விக்கிறதுதான் பிடிக்கல்ல. எங்களுக்கு மிச்சம் கிட்டின இந்தியா அந்தக் கரையிலதான் இருக்கு: நாகூர், கீழக்கரை, காயல்பட்டினம்.

காயல்பட்டினத்தில் உம்மா, வாப்பா, காக்கா என்றுதான் கூப்பிடுவாங்க. கல்யாணம் முடிச்சா மாப்பிள்ளைதான் பொண் வீட்டுக்குப் போறார், எங்கட பக்கம் மாதிரியே. கீழக்கரைப் பழைய ஜும்ஆப் பள்ளியின் கல்தூண்களைப் படத்தில் பார்த்தா கோயில் மண்டபம் என்றுதான் நினைப்பீங்க. 17ஆம் நூற்றாண்டில் வள்ளல் சீதக்காதி கட்டினது என்று சொல்றாங்க. நாகூரில் ஐந்து மினாராக்கள். பெரியதைக் கட்டினவர் தஞ்சாவூர் மராட்டிய ராஜா பிரதாப் சிங். இதெல்லாம் எந்தப் பெக்கேஜிலும் இல்ல.

தர்காவுக்குப் போறது சரியா என்று கூட்டாளிமார் கேக்கிறாங்க. அந்த வாதம் ஊரில் எப்பவும் நடக்குது, இதில் நான் இறங்கல்ல. உம்மா போக ஆசைப்படுறா, எனக்கு அது போதும்.

சரி, வழி. 2023 ஒக்டோபரில் காங்கேசன்துறை - நாகப்பட்டினம் கப்பல் தொடங்கினதும் எல்லாரும் சந்தோசப்பட்டம். கிட்டத்தட்ட நாலு மணித்தியாலம், இறங்கினா நாகூர் பக்கத்தில. ஆனா கிழக்கில் இருக்கிற எங்களுக்குக் காங்கேசன்துறை போறதே ஒரு நாள் பயணம். கடல் கொந்தளிச்சா கப்பல் ஓடாது. இன்னொண்டு, ஈ-விசா எல்லா வாசலாலும் உள்ளே விடாது. குறிப்பிட்ட விமான நிலையங்களும் துறைமுகங்களும்தான். டிக்கெட்டுக்குக் காசு கட்ட முந்தி அந்தப் பட்டியலைப் பாருங்க. நாங்க கொழும்பிலிருந்து திருச்சிக்குப் பறக்கிறம். ஒரு மணித்தியாலம். அங்கிருந்து தஞ்சாவூர் வழியாக பஸ்.

லொட்ஜ் விசயத்திலயும் கவனம். வெளிநாட்டாரை வைச்சா லொட்ஜ்காரர் படிவம் பதியணும். சின்ன இடங்கள் அந்தத் தலையிடிக்குப் பயந்து ரூம் இல்லை என்றுடும். தமிழ் பேசுறம் என்பதால் நாங்க உள்ளூர் ஆளாக மாட்டம். முதலே போன் எடுத்து "சிலோன் பாஸ்போர்ட்" என்று சொல்லிக் கேக்கிறதுதான் நல்லம். மூணு இடத்தில் கேட்டு நாலாவதில் கிடைச்சிது.

உம்மாவுக்குக் கந்தூரிக்கே போகணும் என்று ஆசை. ஜமாதுல் ஆகிர் இப்ப நவம்பர், டிசம்பரில் வருது. ரெண்டு கரையிலும் மழை, நாகூரில் ரூம் கிடைக்கிறதும் கஷ்டம். பெப்ரவரிக்குப் போவம் என்று நான் சண்டை பிடிச்சேன். கூட்டம் இல்லாத நாகூரில்தான் ஆறுதலா இருந்து நாலு பேரோட கதைக்கலாம். 2004 டிசம்பர் 26 காலையில் எங்கட கரையை அடிச்ச அதே கடல்தான் நாகப்பட்டினத்தையும் அடிச்சது. அங்க உள்ள உம்மாமாரோட கதைக்க என்ட உம்மாவுக்கு நிறைய இருக்கு.

கடைசியில் பெப்ரவரிக்கு அவ ஒத்துக்கொண்டது என்ட நியாயத்துக்காக இல்ல.

"கந்தூரிக்கு அங்க போனா, இஞ்ச கொடியேத்தத்த ஆருகா பாக்கிற?" என்றா.