உடைந்த சாவியும் உடைக்கக் கூடாத பூட்டும்

பூட்டைத் திறக்கும்போது சாவி முறிந்து, பாதி கையிலும் மீதி பூட்டுக்குள்ளும் நின்றுவிட்டால் என்ன செய்வீர்கள்? பெரும்பாலானவர்கள் முதலில் தேடுவது ஒரு கல்லை. அல்லது சுத்தியலை. நாலு போடு போட்டால் வேலை முடிந்தது!

ஆனால் வேலை உண்மையிலேயே முடிந்துவிடுகிறதா? அதைத்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது.

இந்தக் கேள்வியை யோசிக்கப் பழவேற்காட்டை விடப் பொருத்தமான ஊர் கிடைக்காது. சென்னைக்கு வடக்கே, திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கும் ஊர். 1613ல் டச்சுக்காரர்கள் ஜெல்டிரியா கோட்டையைக் கட்டித் துணி வியாபாரம் செய்த இடம். ஒரு பக்கம் வங்கக் கடல், மறுபக்கம் இந்தியாவில் சிலிக்காவுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி. நடுவிலும் ஓரத்திலுமாகக் கோட்டைக்குப்பம், ஆண்டிகுப்பம், நடுவூர்மாதாகுப்பம், கூனங்குப்பம் என்று வரிசையாக மீனவர் ஊர்கள். எந்தப் பக்கம் காற்று அடித்தாலும் அதில் உப்பு இருக்கும். அந்த உப்புக்குப் பூட்டு என்றால் மிகவும் பிடிக்கும்!

எப்படி என்று பார்ப்போம். தொங்கு பூட்டின் உடம்பு பித்தளையாக இருந்தாலும் உள்ளே இருக்கும் ஸ்பிரிங்குகள் பல பூட்டுகளில் இரும்புக் கம்பிதான். உப்பு ஈரம் பட்டால் துருப்பிடிக்கும். பித்தளையும் முழுசாகத் தப்பிப்பதில்லை. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. உப்பு நீர் அதிலிருந்து துத்தநாகத்தை மெல்ல மெல்ல அரித்து எடுத்துவிடும். மிஞ்சுவது வலுவில்லாத செம்பு. உள்ளே பூட்டு இறுகிப்போய் இருக்க, வெளியே மனிதர் அவசரத்தில் சாவியை முறுக்க, வெட்டு எங்கே ஆழமாக இருக்கிறதோ அங்கே சாவி பட்டென்று முறிகிறது. சாவி ஒரே நாளில் உடைவதில்லை. பல மாதம் உப்பு செய்த வேலையைக் கடைசியில் அவசரம் முடித்து வைக்கிறது, அவ்வளவுதான்.

சரி, ஒரு பூட்டு போனால் என்ன குடிமுழுகிவிடும் என்று கேட்கலாம். அதற்குப் பழவேற்காட்டின் 'பாடு' முறையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். ஏரியில் இறால் நன்றாகப் படும் இடங்கள் குறைவு. எல்லோரும் ஒரே இடத்தில் வலை கட்ட முடியாது. அதனால் இன்ன நாளில் இன்ன இடம் இன்னாருக்கு என்று ஊர் கூடி முறை வைத்துக்கொள்கிறார்கள். வழிவழியாக வரும் ஏற்பாடு இது. உங்கள் முறை வரும் நாளில் நீங்கள் ஏரியில் இருக்க வேண்டும். அந்த நாளைத் தவறவிட்டால் அடுத்த முறை சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

இப்போது இந்தக் காட்சியை நினைத்துப் பாருங்கள். விடியற்காலை நாலு மணி. அன்றைக்குப் பாடு. வலையும் துடுப்பும் பூட்டிய கொட்டகைக்குள் இருக்கின்றன. சாவி முறிந்துவிட்டது. பையன் கல்லைத் தூக்குகிறான்.

"டேய், கல்லைக் கீழ போடுடா" என்கிறார் பெரியவர்.

"நேரமாவுது மாமா. பூட்டு என்ன, நூறு எரநூறு ரூபா. போனா போவுது."

"பூட்டு போனா போவுதுடா. ஒடச்சுட்டு ஏரிக்குப் போனா, திரும்பி வர்ற வரைக்கும் கொட்டகைக்கு யாரு காவலு?"

இந்த ஒரு கேள்வியில் எல்லாக் கணக்கும் அடங்கிவிடுகிறது. கல்லால் அடித்தால் பூட்டு மட்டும் போகாது. நாதாங்கி வளையும். ஆணி பிடுங்கிக்கொள்ளும். ஏற்கெனவே உப்பில் உளுத்துப்போன கதவுச் சட்டம் பிளந்துவிடலாம். புதுப் பூட்டு, புது நாதாங்கி, தச்சர் கூலி எல்லாம் செலவுக் கணக்கில் ஏறும். அதற்கு மேல், நாலு மணிக்கு எந்தப் பூட்டுக் கடையும் திறந்திருக்காது. ஒன்று, கொட்டகையைத் திறந்து போட்டுவிட்டுப் போக வேண்டும். இல்லை, காவலுக்கு ஒரு ஆளை விட்டுவிட்டு ஒரு கை குறைவாகப் போக வேண்டும். நூறு ரூபாய்ப் பூட்டு என்று சொன்னவர்கள் இதையெல்லாம் கூட்டிப் பார்ப்பதில்லை.

அப்படியென்றால் என்ன செய்வது? நிதானமாகச் செய்தால் பத்து, பதினைந்து நிமிட வேலை.

முதலில் செய்யக் கூடாதவை. கையில் இருக்கும் பாதியை மறுபடி ஓட்டைக்குள் விட்டுக் குத்தக் கூடாது. உள்ளே இருப்பது இன்னும் ஆழமாகப் போய்விடும். பசை தடவி ஒட்டி இழுக்கலாம் என்று பலர் சொல்வார்கள். வேண்டாம். ஒரு சொட்டு வழிந்து உள்ளே போனாலும் பூட்டு நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளும். வெளிச்சத்துக்குத் தீக்குச்சியும் கிழிக்க வேண்டாம், பக்கத்தில் மண்ணெண்ணெய் இருக்கும் இடம். டார்ச் போதும்.

அடுத்தது எண்ணெய். தையல் மெஷினுக்கு விடும் மெல்லிய எண்ணெயில் நாலைந்து சொட்டு. அது இல்லையென்றால் துருவை இளக்க மண்ணெண்ணெயும் உதவும். தேங்காய் எண்ணெய் விடக் கூடாது. நாளாக ஆகப் பிசுக்கேறித் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எண்ணெய் விட்டபின் பூட்டை மெதுவாகத் தட்டி, இரண்டு மூன்று நிமிடம் ஊறவிட வேண்டும். அவசரக்காரர்களுக்கு இதுதான் கஷ்டமான பகுதி!

இப்போது உள்ளே இருக்கும் துண்டைப் பாருங்கள். இன்று கடையில் வாங்கும் பூட்டுகளில் பலவற்றுக்குள் சின்னச் சின்னக் குச்சிகள் வரிசையாக இருக்கும். அமெரிக்காவில் லைனஸ் யேல் 1860களில் காப்புரிமை பெற்ற அமைப்பு அது. சாவியின் பற்கள் அந்தக் குச்சிகளைச் சரியான உயரத்துக்குத் தூக்கினால்தான் உருளை சுழலும். சாவி முழுவதும் உள்ளே போனபின் அடிப்பாகத்தில் முறிந்திருந்தால், பற்கள் எல்லாம் சரியான இடத்தில்தான் இருக்கின்றன என்று அர்த்தம். அதாவது, சாவி தன் வேலையை இன்னும் செய்துகொண்டிருக்கிறது. திருப்பப் பிடிதான் இல்லை. மெல்லிய ஸ்குரு டிரைவர் நுனியைத் துளையில் வைத்து மெதுவாகத் திருப்பிப் பார்த்தால், எண்ணெய் ஊறிய பூட்டு பல நேரம் திறந்துகொள்ளும். திறந்துவிட்டால் ஏரிக்குக் கிளம்பலாம். துண்டை வந்து எடுத்துக்கொள்ளலாம்.

திருப்ப முடியவில்லை என்றால் துண்டை வெளியே எடுக்க வேண்டும். ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். சாவியை எந்த நிலையில் நுழைத்தோமோ அந்த நிலையில்தான் வெளியே எடுக்க முடியும். பாதி திரும்பிய நிலையில் முறிந்திருந்தால், முதலில் உருளையைப் பழைய இடத்துக்குத் திருப்ப வேண்டும். இல்லாவிட்டால் எவ்வளவு இழுத்தாலும் வராது. துண்டின் நுனி வெளியே தெரிந்தால் மெல்லிய சாமணம் போதும். தெரியவில்லை என்றால், தச்சர்கள் வளைத்து அறுக்கப் பயன்படுத்தும் மெல்லிய ரம்பக் கம்பியில் ஒரு துண்டு. ரம்பப் பற்கள் வெளிப்பக்கம், அதாவது இழுப்பவரைப் பார்த்துச் சாய்ந்திருக்கும்படி, சாவியின் பற்கள் இருக்கும் ஓரமாக உள்ளே செலுத்தி, லேசாகத் திருகி, பிடித்துக்கொண்டதும் வெளியே இழுக்க வேண்டும். ஒரே இழுப்பில் வராது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வரும்.

ரம்பக் கம்பிக்கு எங்கே போவது என்கிறீர்களா? மீனவர் வீட்டில் தூண்டில் முள் இருக்குமே! மிகச் சிறிய முள்ளாக எடுத்து நெருப்பில் சிவக்கக் காய்ச்சி, தானாக ஆறவிட்டு நிமிர்த்த வேண்டும். காய்ச்சாமல் நிமிர்த்தினால் முறிந்துவிடும். நுனியில் மீன் நழுவாமல் இருக்க ஒரு எதிர்முள் இருக்கிறது அல்லவா? பூட்டுக்காரர்கள் சாவித் துண்டை எடுக்க வைத்திருக்கும் கருவியின் நுனியும் கிட்டத்தட்ட அதே வடிவம்தான். மீனைப் பிடிக்கும் முள் சாவியையும் பிடிக்கும்.

திண்டுக்கல் பூட்டு போன்ற லீவர் பூட்டுகளில் முறை கொஞ்சம் வேறு. அங்கே சாவி உருண்டைத் தண்டும் நுனியில் நாக்கும் கொண்டது. அந்த நாக்கு ஓட்டையின் வெட்டுக்கு நேராக வரும்வரை திருப்பி, ஓட்டை கீழ்நோக்கி இருக்கும்படி பூட்டைப் பிடித்துத் தட்ட வேண்டும். இரும்புச் சாவி என்றால் காந்தம் உதவும். பித்தளையில் காந்தம் ஒட்டாது.

துண்டு வெளியே வந்ததும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இரண்டு பாதியையும் சேர்த்து வைத்து, அந்த அளவுக்குச் சாவிக்காரர் புதுச் சாவி வெட்டித் தருவார். உடைந்ததையே பற்ற வைத்துப் பயன்படுத்துவது மட்டும் வேண்டாம். அது மறுபடி உடையும்.

இதையெல்லாம் ஊருக்குச் சொல்லிக்கொடுத்தால் திருடனுக்கு வசதியாகிவிடாதா என்று சிலர் கேட்கலாம். ஆகாது. இந்த முறைகள் எல்லாவற்றுக்கும் அந்தப் பூட்டின் சொந்தச் சாவி உள்ளே இருந்தாக வேண்டும். திருடனிடம் சாவி ஏது? அவன் கொண்டுவருவது கடப்பாரை. இன்னொரு பக்கமும் உண்டு. உள்ளே குழந்தையோ நோயாளியோ மாட்டிக்கொண்டிருந்தால், கேஸ் கசிந்தால், இந்த நிதானமெல்லாம் வேண்டாம். உடனே உடையுங்கள். பூட்டு மனிதருக்காகத்தான்.

ஆனால் மற்ற நேரங்களில் உடைப்பது ஒரு கெட்ட பழக்கம் என்றுதான் சொல்ல வேண்டும். கையால் செய்யும் திண்டுக்கல் பூட்டுக்கு 2019ல் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்ல விஷயம். ஆனால் அந்தப் பூட்டின் பெருமையே பல வருஷம் உழைப்பதில்தான் இருக்கிறது. எப்படியும் உடைக்கத்தானே போகிறோம் என்று மலிவான பூட்டாகத் தேடி வாங்குபவர்கள் இருக்கும்வரை, நல்ல பூட்டுச் செய்பவருக்குச் சான்றிதழ் மட்டும் சோறு போடாது.

உப்புக் காற்றை யாரும் நிறுத்த முடியாது. ஆனால் மாதம் ஒருமுறை பூட்டை நல்ல தண்ணீரில் அலசி, வெயிலில் உலர்த்தி, இரண்டு சொட்டு எண்ணெய் விடலாம். இன்னொரு சாவியை வேறு இடத்தில் வைக்கலாம். சாவி இறுக ஆரம்பித்தால், பாடு நாள் வரும்வரை காத்திருக்காமல் அன்றைக்கே கவனிக்கலாம். வலையைப் பொத்தல் பெரிதாகும் முன்பே எடுத்துப் பின்னுகிற ஊருக்கு இதைப் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்தப் பொறுமையில் கொஞ்சத்தைக் கதவுப் பக்கமும் திருப்பினால் போதும்.

ஏரிக்குப் பூட்டு கிடையாது. அங்கே ஊர் வைத்த முறைதான் காவல். கரையில் இருக்கும் சின்னப் பூட்டால் அந்த முறையை ஒருவர் இழக்கக் கூடாது. அடுத்த முறை சாவி முறிந்தால் கல்லைத் தேடும் முன் எண்ணெய்ப் புட்டியைத் தேடிப் பாருங்கள். கல் எங்கேயும் போய்விடாது!